இலை சிவக்கும் மாதம்

ஜப்பானில் இலையுதிர் காலம் மலை உச்சியிலிருந்து கீழே இறங்கி வரும். நிக்கோ வட்டாரத்தில், அக்டோபர் தொடக்கத்தில் உயரத்தில் இருக்கும் யூமோட்டோ வெந்நீர் ஊற்றுப் பக்கம் இலைகள் நிறம் மாற ஆரம்பிக்கும். மாதக் கடைசியில் அந்தச் சிவப்பு சூசென்ஜி ஏரியைக் கடந்து மலைப்பாதைக்கு வரும். நவம்பர் நடுவில் அடிவாரக் கோயில்களை எட்டிவிடும். ஒரு வாரம் முந்தினாலோ பிந்தினாலோ கவலையில்லை. கொஞ்சம் மேலே ஏறினால், அல்லது கொஞ்சம் கீழே இறங்கினால், எங்காவது மரங்கள் சிவந்திருக்கும்.

நானும் அம்மாவும் போனது அக்டோபர் கடைசி வாரம். தோக்கியோவின் அசாகுசாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நிக்கோவில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டோம். அங்கும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பழகச் சிரமமில்லை. நம் ஓட்டுநர் உரிமத்தோடு அனைத்துலக உரிமத்தையும் இங்கேயே எடுத்துப் போய்விட வேண்டும்.

அம்மாவுக்கு 67 வயது. “இலை கொட்றதப் பார்க்கவா இவ்வளவு காசு?” என்று கேட்டுக்கொண்டேதான், கேமரன் மலைக்கு வாங்கிய ஸ்வெட்டரைப் பெட்டியில் மடித்து வைத்தார்.

நாங்கள் ஏறிய மலைப்பாதையின் பெயர் இரோஹாசாக்கா. ‘இரோஹா’ என்பது ஜப்பானியரின் பழைய எழுத்து வரிசை. நமக்கு அ, ஆ, இ போல. அந்த வரிசையில் 48 எழுத்துகள், பாதையில் 48 வளைவுகள். வளைவுக்கு ஓர் எழுத்தாகப் பலகை நட்டிருக்கிறார்கள். 1965இல் திறந்த பாதையில் 20 வளைவுகள் ஏற வேண்டும். 1954இல் திறந்த பழைய பாதையில் 28 வளைவுகள் இறங்க வேண்டும். இரண்டும் ஒருவழிப் பாதைகள். எதிரே லாரி வராது என்பதே பெரிய நிம்மதி.

ஆனால், இலை சிவக்கும் நாள்களில் அங்கே கார்கள் நகர்வதில்லை, ஊர்கின்றன. அரை மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய தூரத்துக்கு எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பொழுது போக, படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஷோடோ என்ற துறவி 8ஆம் நூற்றாண்டில் வழி கண்ட புனித மலை இது. 1872 வரை பெண்கள் மேலே போகக்கூடாது. குதிரைக்கும் தடைதான். ‘குதிரை திரும்பும் இடம்’ என்று பொருள்படும் உமாகாயேஷி என்ற ஊர்ப்பெயர் அடிவாரத்தில் இன்னும் இருக்கிறது.

“குதிரை என்னடி பாவம் பண்ணுச்சு?” என்றார் அம்மா.

ஏழாவது வளைவோ எட்டாவதோ, கார் முழுதாக நின்றுவிட்டது. சன்னலுக்கு வெளியே சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“தோட்டத்துலயும் இப்படித்தான் இருக்கும், மாசி மாசத்துல.”

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், செம்பனை வரும்வரை அம்மா பால் வெட்டியவர். நம் நாட்டில் இலையுதிர் காலம் இல்லை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ரப்பர் மரத்துக்கு உண்டு. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் அதன் இலைகள் மஞ்சளும் செம்மையுமாகிக் கொட்டிவிடும். மரம் தண்ணீரைச் சேமிக்கிறது. நிக்கோவின் மேப்பிளும் குளிர்காலத்துக்கு முன் அதைத்தான் செய்கிறது. இலையிலுள்ள சத்தைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சை கரைந்ததும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் இலை புதிதாகச் சிவப்பை உண்டாக்கும். பிறகு காம்பு கழன்றுவிடும்.

“பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா அப்போ பால் இறங்காது. மங்கு பாதிகூட நிறையாது. நிழலும் இல்ல, சம்பளமும் இல்ல. பெரட்டுல நிக்கும்போதே மேல பார்ப்போம், எவ்வளவு சிவந்திருக்குன்னு. அத வச்சுத்தான் கடைக்காரர்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிப்போம்.”

முன்னால் இருந்த கார் ஒரு முழம் நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.

“என் தோடு ஞாபகம் இருக்கா? சிவப்புக் கல்லு வச்சது.”

இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அம்மாவின் காதில் அது இருக்காது. துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருப்பார். கேட்டால், “கறுத்துப் போச்சு, பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்” என்பார்.

“பாலிஷ் இல்ல. அடகு. உங்க அண்ணன் பஸ் காசுக்கு. புது இலை விட்டு, பால் நல்லா இறங்கினப்புறம் மீட்டுடுவேன். ஒரு வருசம்கூட முங்க விட்டதில்ல.”

அதில் வருத்தம் தெரியவில்லை. கணக்கைச் சரியாக முடித்தவரின் நிமிர்வுதான் தெரிந்தது. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லவேளை, கார்கள் நகர ஆரம்பித்தன.

பாதை ஏறி முடியும் அகேச்சிதைராவில் கேபிள் கார் இருக்கிறது. மூன்று நிமிடப் பயணம். மேலே நின்றால் 2,486 மீட்டர் நந்தாய் மலை, அதன் காலடியில் ஏரி, ஏரியிலிருந்து 97 மீட்டர் கீழே விழும் கெகோன் அருவி, மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். போகிறவர்கள் விடியற்காலையில், வார நாளில் போங்கள். நெரிசல் குறைவு.

சிவந்த இலைகளைத் தேடிப் போவதற்கு ஜப்பானியர்கள் ‘மொமிஜிகாரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘இலை வேட்டை’ என்று சொல்லலாம். ஏரிக்கரையில் எல்லாரும் கைப்பேசியை உயர்த்தி இலைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இலையைப் பார்க்கவில்லை. ஒரு மேப்பிள் மரத்தருகே போய், பால் வெட்டும் உயரத்தில் பட்டையை உள்ளங்கையால் தடவினார். சுற்றி வந்து மறுபக்கமும் தடவிப் பார்த்தார்.

“ஒரு வெட்டுக்கூட இல்ல பாரு” என்றார். “நல்லா இருக்கட்டும்.”