சத்தத்தில் சிக்கிய வெள்ளி

அவருக்கு வயது 70. வங்கியில் 34 வருட சர்வீஸ்; அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில். ஒருநாள்கூடக் கணக்கு இடித்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. மனைவி போன பிறகு மதுரையில் தனியாக இருந்தவரை, "ஆறு மாசம் இங்கே வந்து இருங்கப்பா" என்று மகள் நியூஜெர்சிக்கு அழைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு மாதங்கள் ஜன்னல்தான் துணை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். 12 வயதுப் பேரன் பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்விடுவான். "சாப்பிட்டியா கண்ணா?" "சாப்பிட்டேன் தாத்தா." அவ்வளவுதான் பேச்சு.

ஒரு சனிக்கிழமை அவனே வந்து எதிரில் உட்கார்ந்தான். "தாத்தா, நீங்க பேங்க்ல காசு எண்ணினவர்தானே? எனக்கு ஹெல்ப் வேணும்."

விஷயம் இதுதான். அமெரிக்க வங்கிகளில் சில்லறையைக் காகிதத்தில் உருளையாகச் சுற்றித் தருவார்கள். அதை வாங்கிப் பிரித்து, பழைய வெள்ளிக் காசு இருக்கிறதா என்று தேடுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, மறுபடி சுற்றிக் கொடுத்தால் போட்ட பணம் அப்படியே திரும்பிவிடும்.

பேரனிடம் சேமிப்பு 100 டாலர் இருந்தது. எந்தக் காசை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

தாத்தா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். 100 டாலருக்கு ஒரு சென்ட் பென்னி வாங்கினால் 200 ரோல், 10,000 காசு. ஐந்து சென்ட் நிக்கல் என்றால் 50 ரோல், 2,000 காசு. பத்து சென்ட் டைம் 20 ரோல், 1,000 காசு. ஹாஃப் டாலர் என்றால் 10 ரோல், 200 காசுதான்.

எதில் என்ன கிடைக்கும் என்பதைப் பேரன் சொன்னான். டைம், குவார்ட்டர், ஹாஃப் டாலர் மூன்றிலும் 1964 வரை 90 சதவீதம் வெள்ளி. ஹாஃப் டாலரில் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீதம் வெள்ளி இருந்தது. நிக்கலில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை அச்சானவற்றில் 35 சதவீத வெள்ளி உண்டு. பென்னியில் வெள்ளியே கிடையாது; 1982-க்கு முந்தையவை பெரும்பாலும் செம்பு, பிறகு வந்தவை செம்பு முலாம் பூசிய துத்தநாகம்.

"டைம் வாங்கலாம் தாத்தா. நிறைய காசு, நிறைய சான்ஸ்."

"வேண்டாம்டா. ஹாஃப் டாலர் வாங்கு. அதைக் கடைகண்ணியில யாரும் அதிகமா செலவழிக்கிறதில்லைன்னு நீதானே சொன்னே? அப்படின்னா பழசு தங்கியிருக்கும்."

காரணம் சரியானதுதான். ஆனால், உண்மையான காரணம் வேறு. டைம், அங்கே இருக்கும் காசுகளிலேயே சின்னது. குறுக்களவு 18 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் வருடம் பொடி எழுத்தில் இருக்கும். ஹாஃப் டாலர் 30 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு வருடமாகவே அவருக்குக் கண் முன்னே புகை படிந்த மாதிரி இருந்தது. மகளுக்குத் தெரிந்தால் இனி மதுரையில் தனியாக இருக்க விடமாட்டாள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

வங்கியில் சொல்லிவைத்து, ஒரு வாரம் காத்திருந்து ஹாஃப் டாலர் வாங்கினார்கள். சாப்பாட்டு மேஜையில் பாதியை அவன் பார்த்தான், பாதியை அவர் பார்த்தார். 200 காசிலும் ஒன்றும் தேறவில்லை.

மறுநாள் திருப்பிக் கொடுப்பதற்காகக் காசுகளைச் சுற்றிக்கொண்டிருந்த பேரன் ஒன்றை எடுத்து விளக்கருகே பிடித்தான். தாத்தா பார்த்து ஒதுக்கிய குவியலில் இருந்தது.

"தாத்தா, இதை எந்த வருஷம்னு படிச்சீங்க?"

"எண்பத்தொன்பது."

"அறுபத்தொன்பது தாத்தா."

40 சதவீத வெள்ளி. அவர் கைக்கு வந்து, கைவிட்டுப் போன வெள்ளி. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. 34 வருடத்தில் இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"கண்ணு சரியா தெரியலையா தாத்தா?"

"அம்மாகிட்ட சொல்லாதேடா."

அவன் தலையாட்டினான். சொல்லவும் இல்லை. ஆனால், அடுத்த வாரம் 20 ரோல் டைம் வாங்கிவந்தான். "நான் வருஷம் பாக்குறேன். நீங்க ரோலைப் பிரிச்சுக் கொட்டுங்க, போதும்" என்றான்.

பதினோராவது ரோலைக் கொட்டியபோது தாத்தாவின் கை நின்றது. "இரு. இதுல ஒண்ணு சத்தம் வேற."

அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். பழைய வெள்ளி ரூபாயைக் கல்லில் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுச் சிரிப்பார். அந்த நீண்ட ரீங்காரம் மகன் காதில் இன்னும் இருந்தது. புதுக்காசு 'டக்'கென்று விழும். வெள்ளி மணிபோல இழுத்து அடங்கும்.

பேரன் 50 காசுகளையும் ஒவ்வொன்றாக மேஜையில் போட்டான். முப்பதைத் தாண்டியதும், "இதுதான்" என்றார் தாத்தா. அவன் விளிம்பைப் பார்த்தான். மற்ற காசுகளில் தெரியும் செம்புக் கோடு இல்லை, முழுக்க வெள்ளை. வருடம் 1962.

பையன் போட்ட சத்தத்தில் மகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "தாத்தா காதாலயே கண்டுபிடிச்சார்மா!"

"ஏம்ப்பா, கண்ணால பாக்கலாமே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பேரன் வாயைத் திறக்காமல் தாத்தாவையே பார்த்தான். தன்னுடைய ரகசியத்தை அந்தச் சின்னப் பிள்ளை சுமந்துகொண்டு நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கண்ணு சரியில்லைம்மா. ஒரு வருஷமா" என்றார்.

அவள் கோபப்பட்டாள், கொஞ்சம் அழுதாள், டாக்டரிடம் அழைத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. ஊருக்குத் திரும்பியதும் மதுரையிலேயே அடுத்தடுத்து ஆபரேஷன் முடிந்தது. மகள் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். தனியாக இருக்கக் கூடாது என்று அவள் சொல்லவே இல்லை.

இப்போது ஞாயிறுதோறும் வீடியோ காலில் தாத்தாவும் பேரனும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். போன வாரம் பேரன் கேட்டான்: "அடுத்த லீவுக்கு வரும்போது எந்தக் காசு தாத்தா? மறுபடி ஹாஃப் டாலரா?"

"பென்னி வாங்கி வை. பத்தாயிரத்தையும் பாத்துடலாம்" என்றார் தாத்தா.