பாலுக்குக் காவல்

எங்கள் வீட்டுப் பால் திருடு போயிற்று. "அரை லிட்டர் பாலுக்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்கலாம். காபி இல்லாத விடியற்காலையில் நாற்காலியில் உட்கார்ந்து தொடர்கதையின் பதினெட்டாவது அத்தியாயத்தை யோசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அரை லிட்டர் பாலின் மதிப்புத் தெரியும். அன்று என் கதாநாயகி காரணமே இல்லாமல் கதாநாயகன் மேல் எரிந்து விழுந்தாள். அவளுடைய மனோதத்துவத்தைப் பாராட்டி நாலு வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். பால் வராத சமாசாரம் அவர்களுக்கு எப்படித் தெரியும், பாவம்!

சேலத்தில் அஸ்தம்பட்டிக்கு அப்பால் ஒரு தெருவில் குடியிருக்கிறோம். கீழ்ப் பகுதியில் நாங்கள். மாடியில் வேறு ஒரு குடும்பம். இரண்டு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே இரும்புக் கேட்டு. அந்தக் கேட்டில் ஒரு துணிப்பை தொங்கும். நாலே முக்கால் மணிக்குப் பால் போடும் பையன் சைக்கிளில் வந்து, பைக்குள் ஒரு பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவான். ஐந்தே முக்காலுக்கு என் மனைவி எழுந்து போய் எடுத்து வருவாள். எந்த நிறுவனத்துப் பால், எந்த முகவர் என்பதெல்லாம் இந்தக் கதைக்கு வேண்டாம். நடுவே இருக்கிற அந்த ஒரு மணி நேரந்தான் கதை. பால் பையன் கையை விட்டுப் போய்விட்டது; எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. அந்த ஒரு மணி நேரம் அது யாருடைய பால்?

நான் சிறுவனாக இருந்தபோது இந்தக் கேள்வியே எழவில்லை. எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். ராசிபுரத்து நெய்க்கு இருக்கிற பெயர் உங்களுக்கே தெரியும். 1960-களில் எங்கள் வீட்டு வாசலுக்கு எருமையே நேரில் வரும். பால்காரர் கறக்க உட்காரும் முன் என் பாட்டி, "செம்பைக் கவுத்துக் காட்டு" என்பாள். அவர் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அன்றைக்கு ராமாயணந்தான். கறந்து முடியும் வரை பாட்டி கண்ணை எடுக்கமாட்டாள். பாலுக்குக் காவல் என்றால் அந்தக் காலத்தில் அர்த்தம் அதுதான். பால்காரரிடமிருந்து பாலைக் காப்பாற்றுவது.

பிறகு காலம் மாறிற்று. சர்க்காரில் பால்வளத்துக்கென்று 1958-ல் தனி இலாகா வந்தது. 1972-ல் கார்ப்பொரேஷன், 1981-ல் கூட்டுறவு இணையம். 'ஆவின்' என்ற சொல் தமிழர் வீடுகளில் பாலுக்கு மறுபெயர் ஆயிற்று. ராசிபுரத்திலும் ஓமலூரிலும் ஆத்தூரிலும் சங்கத்து வாசலில் கேனோடு வரிசையில் நிற்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். அளந்து, கொழுப்புச் சத்துப் பார்த்து, 4 டிகிரிக்குக் குளிரவைத்து, காய்ச்சிப் பதப்படுத்தி, பாக்கெட்டில் அடைத்து, ஊர் தூங்குகிற வேளையில் வண்டி ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். இத்தனை பேர் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்து சேர்க்கிற பாலுக்குக் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் ஒரு துணிப்பைதான் காவல்.

சென்ற சித்திரையில் ஒரு நாள் பையைத் தொட்டுப் பார்த்த என் மனைவி வெறுங்கையோடு வந்தாள். முகவருக்குப் போன் செய்தேன். "பையன் போடலீங்களா? இதோ அனுப்பறேங்க" என்றார். ஏழு மணிக்கு வேறு பாக்கெட் வந்தது. நாலு நாள் கழித்து மறுபடியும் பை காலி. மறுபடியும் போன், மறுபடியும் ஏழு மணிப் பால். மூன்றாம் தடவை பையனையே நிறுத்தி வைத்துக் கேட்டேன். பதினெட்டுப் பத்தொன்பது வயசு, பாலிடெக்னிக்கில் படிக்கிறவன்.

"வெச்சுட்டுத்தானுங்க சார் போனேன்" என்றான்.

"வைத்த பால் எங்கேயப்பா போகும்?"

அவன் பதில் சொல்லவில்லை. குற்றவாளிகள் பதில் சொல்லாமல் நிற்பார்கள் என்று நானே எத்தனையோ கதைகளில் எழுதியிருக்கிறேன். ஆகவே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

பிறகு தற்காப்பு நடவடிக்கைகள் ஆரம்பமாயின. கேட்டில் சாற்றுவதற்கு ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னேன். பூட்டும் இரண்டு சாவியும் வைத்து, ஒன்றைப் பையனிடம் கொடுத்தேன். புதுப்பூட்டு, மூன்றாம் நாள் இறுகிக்கொண்டது. இருட்டில் அதோடு மல்லுக்கட்ட நேரமில்லாமல், பையன் பாக்கெட்டைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பெட்டி பத்திரமாக இருந்தது.

அமெரிக்காவில் அந்தக் காலத்து வீடுகளில் சுவரிலேயே பாலுக்கென்று ஒரு மாடம் கட்டி, வெளியே ஒரு கதவும் உள்ளே ஒரு கதவும் வைத்திருந்தார்கள் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. என் மனைவியிடம் சொன்னேன். "வாடகை வீட்டுச் சுவரை இடிக்கிறதுக்கு முந்தி வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றாள். இங்கிலாந்தில் திருடர்கள் இன்னும் சிறியவர்கள். 1921-ல் சௌதாம்ப்டன் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வாசலில் வைத்த பால் புட்டிகளின் மூடியைக் குருவிகள் கொத்தித் திறந்து மேலே நின்ற ஆடையைக் குடிப்பதைக் கண்டார்கள். கை அகலங்கூட இல்லாத, நீலமும் மஞ்சளுமான குருவி. அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்குள் அந்த வித்தை நாட்டின் பல பாகங்களிலும் பரவிவிட்டது. ஃபிஷர், ஹைண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1949-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். குருவி திருடினால் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம். மனிதன் திருடினால் என்ன செய்வது?

வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இதற்கும் வழி இருக்கிறது என்றார். திருடிய பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவையாகக் குற்றவாளி என்று தீர்ப்பானவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், ஜெயில் இல்லை. சமூக சேவைதான் தண்டனை. "உங்கள் திருடனைத் தெருக் கூட்டச் சொல்லலாம்" என்று சிரித்தார். பெரிய திருட்டுக் கதையும் ஒன்று சொன்னார். 2019 ஜனவரியில் சென்னையில் பால் முகவர்கள் சங்கத்தார் போலீசில் மனுக் கொடுத்தார்கள். பெரிய நடிகர்களின் படம் வெளியாகும் நாளில் கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடக்கிறதல்லவா? விடியற்காலையில் கடை வாசலில் இறக்கி வைத்த பால் பாக்கெட்டுகள் அதற்காகக் களவு போகின்றன, பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள்.

"அப்படிப் போனால் நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"வேறு யாருக்கு? முகவருக்குத்தான்" என்றார்.

இந்தக் கேள்வியை நான் சென்னையைப் பற்றிக் கேட்டேனே தவிர, எங்கள் தெருவைப் பற்றிக் கேட்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் என் மகன், "கேமரா வையுங்கப்பா" என்றான். அதற்கு முன் நானே ஒரு தடவை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். இந்தப் பதினேழு நாட்களில் ஆறு பாக்கெட் போயிருந்தது. ஆறுதலான ஒரே விஷயம், மாடிவீட்டுப் பெண் அடிக்கடி கொடுத்தனுப்பிய மோர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, அந்தச் சேலத்து வெயிலுக்கு அமிர்தமாக இருக்கும். "பக்கத்துல மனுஷர் இருந்தா இப்படி இருக்கணும்" என்று என் மனைவி சொல்லிச் சொல்லிக் குடித்தாள். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

முதல் நாள் காவலில் தூங்கிப்போனேன். இரண்டாம் நாள் பையன் வந்து போனதைப் பார்த்தேன். பால் பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள், பையன் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மாடிப்படியில் காலடி கேட்டது. இருட்டுத் திண்ணையில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இறங்கி வந்தவர் மாடிவீட்டுப் பெரியவர். எண்பது வயசுக்கு மேல் இருக்கும். மோகனூர்ப் பக்கம் நிலத்தை விற்றுவிட்டு, அப்போது சில மாதங்களாகத்தான் மகனோடு இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பித்தளைச் செம்பு. கேட்டண்டை வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். திருடன் பார்க்கிற பார்வை அல்ல. வரவேண்டியவரை எதிர்பார்க்கிற பார்வை. பிறகு பாக்கெட்டை எடுத்துச் செம்புக்குள் வைத்துத் துண்டால் மூடினார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது, அவருக்கு இல்லை.

"இன்னிக்கு நேரத்துலயே வந்துட்டியாட்டருக்குது? தண்ணி கலக்கலியே?" என்றார்.

தெருவே எழுந்திருக்கும்படி கூச்சல் போடவேண்டும் என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்தவன் நான். என் வாயில் வந்தது, "இல்லீங்கய்யா, கலக்கலீங்க" என்பதுதான்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார்.

காலை எட்டு மணிக்கு என் மனைவி மாடிக்குப் போய் விசாரித்தாள். பெரியவருக்குக் கொஞ்ச காலமாக ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது. மோகனூரில் நாற்பது வருஷம் விடியற்காலையில் செம்போடு வாசலில் நின்று பால் வாங்கியவர். சில நாள் நன்றாகத் தூங்கிவிடுவார். சில நாள் கால் தானாகவே இறங்கி வந்துவிடும். குளிர்பெட்டியில் கூடுதலாக இருந்த பாலைக் கண்ட மருமகள், வீட்டுக்காரர் நடைப் பயிற்சிக்குப் போய் வாங்கி வந்தார் என்று நினைத்தாள். வீட்டுக்காரரோ அவள் வாங்கினாள் என்று நினைத்தார். மிஞ்சிய பாலை வீணாக்காமல் உறை குத்தி, மோராக்கி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். ஆக, எங்கள் வீட்டுப் பால்தான் பெருங்காயத்தோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

என் மனைவி சிரித்துவிட்டாள். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அக்கா, தெருவில யாராவது பார்த்து மாமாவைத் திருடன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டு அழுதாளாம். கேமரா வைக்காமல் போனோமே என்று அப்போதுதான் நிம்மதி அடைந்தேன். அது அவர் கையைக் காட்டியிருக்கும். அவர் நின்றுகொண்டிருந்த மோகனூர் வாசலை எப்படிக் காட்டும்?

சமாசாரம் சுபமாக முடிந்தது என்று எண்ணி, ஆறு பாக்கெட்டுக்குப் பணம் எடுத்துக்கொண்டு முகவரிடம் போனேன். "அதெல்லாம் அப்பவே பையன் கணக்குல கழிச்சாச்சுங்க சார். நீங்க கவலைப்படாதீங்க" என்றார். கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மணிக்கு வந்த ஆறு பாக்கெட்டும் அந்தப் பையன் காசு! தெருத் தெருவாகப் போட்டால் பாக்கெட்டுக்கு அவனுக்கு என்ன மிஞ்சும்? இதை நான் கேட்டிருக்கலாம். "யார் கணக்கில் அனுப்புகிறீர்கள்?" என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்கவில்லை. எனக்குக் காபி கிடைத்துவிட்டதல்லவா?

மறுநாள் நாலு மணிக்கே, பால் வண்டி வந்து இறக்கும் முனைக்குப் போனேன். நீலப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் பயந்துபோய், "இன்னிக்கும் காணலீங்களா சார்?" என்றான். அந்தக் கேள்வி என்னைக் குத்திற்று. நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னுடையது, தம்பி" என்று பணத்தை நீட்டினேன். வாங்கி எண்ணிப் பார்த்தான். ஒரு பாக்கெட்டின் விலையைத் தனியே எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அஞ்சுதானுங்க சார். ஒரு நாள் பரீட்சை இருந்துச்சுங்க. அவசரத்துல உங்க வீட்டை நெசமாலுமே மறந்துட்டேன்."

அந்தக் காசு இன்னும் என் மேஜை அறையில் இருக்கிறது. செலவழிக்க மனசு வரவில்லை.

வக்கீல் நண்பர் சொன்ன சட்டத்தை வீட்டுக்கு வரும் வழியில் நினைத்துப் பார்த்தேன். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, திருப்பிக் கொடுத்தாயிற்று. எல்லாம் எனக்குப் பொருந்துகிறது. பாக்கி இருப்பது சமூக சேவைதான்.

அதை இப்போது செய்துவருகிறேன். நாலே முக்காலுக்குக் கேட்டில் நான் நிற்கிறேன். பையன் இரண்டு பாக்கெட்டை என் கையிலேயே கொடுக்கிறான். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று மாடிவீட்டுக் கணக்கில். மரப்பெட்டியில் கரண்டு பில்லும் தபாலும் வருகின்றன. பையன் சைக்கிள் முனை திரும்பிய பிறகு நான் அங்கேயே காத்திருக்கிறேன். படியில் காலடி கேட்கும். பித்தளைச் செம்பு கைப்பிடிச் சுவரில் இடிக்கும்.

"தண்ணி கலக்கலியே?"

"இல்லீங்கய்யா."