தலைப்புச் செய்தி பலித்திருந்தால்

ஜூலை 11

ஸ்கைலாப் விழுந்த நாள் இன்று. 1979-ல் 77 டன் எடையுள்ள அந்த அமெரிக்க விண்வெளி நிலையம் எங்கே விழுமோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. நம் பத்திரிகைகளிலும் அதுதான் கொட்டை எழுத்து. “எப்படியும் சாகத்தான போறோம்னு வளர்த்த கோழிய அடிச்சுத் தின்ன வீடெல்லாம் உண்டு” என்பார் சித்தப்பா. கடைசியில் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், குப்பை போட்டதற்காக அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது.

எங்கள் திருவேங்கடத்துக் கரிசலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அபராதம் என்ற பேச்சே வந்திருக்காது. மேலேயிருந்து வந்தது சாமிதான். முதல் வெள்ளிக்கிழமையே மஞ்சள் துணி சுற்றி, பருத்திக் காட்டுக்கு நடுவே பீடம் எழுப்பியிருப்போம். ஆடிக் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் அமெரிக்காவில் சாமி பிறந்த கதையை விடிய விடியப் பாடியிருப்பார். இரும்பைத் திருப்பிக் கேட்டு விஞ்ஞானிகள் வந்தால், இலை போட்டுச் சாப்பிடச் சொல்லி, நாசாவையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்து வரி எழுதியிருப்போம்.

ஜூலை 13

இன்னொரு பழைய தலைப்பு, 1995 செப்டம்பர் 21: பிள்ளையார் பால் குடித்தார் என்று நாடே கோயிலுக்கு ஓடியது. பரப்பு இழுவிசையும் கல்லின் நுண்துளைகளும்தான் பாலை இழுக்கின்றன என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

பிள்ளையார் அந்தப் பழக்கத்தை விடாமலே இருந்திருந்தால்? அரசமரத்தடியில் ஒருவர், முச்சந்தியில் ஒருவர், கண்மாய்க் கரையில் ஒருவர் என்று எங்கள் பக்கம் பிள்ளையார்களுக்குப் பஞ்சமில்லை. பால் பண்ணையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பற்று வைக்க வேண்டியிருக்கும். அண்ணனுக்குப் பால் என்றால் தம்பி சும்மா இருப்பாரா? கழுகுமலை முருகனுக்கும் காலையில் ஒரு கேன் போயாக வேண்டும். ஊர் முழுக்கக் கடுங்காப்பி.

ஜூலை 14

இன்று கிடைத்த பழைய தலைப்பு எல்லாவற்றிலும் பெரியது: 1996-ன் மூலிகை பெட்ரோல். ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைப் போட்டு எரிபொருள் ஆக்கிக் காட்டுகிறார் என்ற செய்தி டெல்லி வரை போனது. ஐ.ஐ.டி.யில் சோதனை நடந்தது. பிறகு மோசடி என்று சி.பி.ஐ. வழக்கு வந்தது. 2016-ல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

அது பலித்திருந்தால் எங்கள் வரப்புகளின் கதியை நினைத்துப் பார்க்கிறேன். களை எடுக்கிறவர்களுக்குப் போலீஸ் காவல். ஆட்டுக்காரர் மேய்ச்சலுக்குப் போக உரிமம். தவறி ஒரு வாய் மேய்ந்த வெள்ளாட்டைத் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற தெருப் பக்கமே விடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அரபு நாட்டுக்காரர்கள் வாடகைக்கு வீடு தேடுவார்கள். குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களைவிடக் கேனோடு வந்தவர்கள் அதிகமாகி, ஐந்தருவிக்கு ஐந்து வரிசை நிற்கும்.

சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “எல்லாஞ் சரிதாம்ல. பெட்ரோல் ஆக்குறதுக்கு மொதல்ல தண்ணி வேணும்ல? அதுக்கு எங்க போவ?”

அந்தக் கேள்வி நாள் முழுக்க என்னோடு இருந்தது. மானாவாரி பூமி இது. உளுந்தும் பாசியும் சோளமும் வானத்தைப் பார்த்தே விளைகின்றன. இங்கே அன்று அந்தச் செய்தியை நம்பியவர்கள் ஏமாளிகள் அல்லர். களைச்செடிக்கும் ஒரு விலை கிடைத்துவிடாதா என்று காத்திருந்தவர்கள். அவர்களுடைய ஆசையின் அளவுக்குத்தான் அந்தத் தலைப்பும் பெரிதாக இருந்தது.

ஜூலை 18

2019-ல் இதே நாளில், தென்காசி தனி மாவட்டம் ஆகும் என்று சட்டசபையில் முதல்வர் பழனிசாமி அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பர் 22-ல் மாவட்டம் பிறந்தது. ஸ்கைலாப் அளவுக்கு யாரையும் அது அண்ணாந்து பார்க்க வைக்கவில்லை. ஆனால் திங்கள்கிழமை மனுக் கொடுக்கப் போகும் எங்கள் ஊர்ப் பாட்டி, திருநெல்வேலி பஸ்ஸை விட்டுத் தென்காசி பஸ் ஏறத் தொடங்கியது அந்தச் செய்தியால்தான். அவர் கையிலிருக்கும் காகிதத்தில் மாவட்டத்தின் பெயரே மாறியது.

ஆகவே எந்தத் தலைப்பைப் பார்த்தாலும், இது நிஜமானால் நாளைக் காலையில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கொட்டை எழுத்துச் செய்திகள் பல அங்கேயே சிரிப்பாகிவிடுகின்றன. உள்பக்கத்து நாலுவரிச் செய்தி சில நேரம் ஒரு குடும்பத்தையே எழுந்து உட்கார வைக்கிறது.

எனக்கு வேண்டிய தலைப்பு ஒன்று உண்டு: ‘திருவேங்கடம் வட்டாரக் கண்மாய்கள் மறுகால் பாய்கின்றன.’ அதன் விளைவைக் கற்பனை செய்ய நான் தேவையில்லை. எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் எந்த வயலில் எதை விதைப்பது, எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தப் பெண்ணுக்கு எந்த மாதத்தில் கல்யாணம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்.