தோட்டத்தில் பெற்றோர், டவுனில் பிள்ளைகள்

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையே போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். வீடுகள் ஊராகக் கூடியிராமல், தோட்டத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி நிற்கும். தென்னைக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே ஒரு சாளை. அதில் எழுபதைத் தாண்டிய அப்பாரும் ஆத்தாவும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துவார், மகள் கோவையில் வேலை பார்ப்பார். "எங்ககூடவே வந்துருங்க" என்று பிள்ளைகள் கூப்பிடாமல் இல்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டறது யாரு?" என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும்.

பாசம் குறைந்துபோன காலத்தின் அடையாளம் என்று இதைச் சொல்வது சரியல்ல. கல்யாணமான மகனைத் தனிக்குடித்தனம் வைப்பது கொங்கு நாட்டில் பல குடும்பங்களின் பழைய வழக்கம். சண்டை போட்டுப் பிரிவதில்லை. பெற்றோரே பாத்திரம் பண்டம் வாங்கிக் கொடுத்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிவைத்துவிட்டு வருவார்கள். அடுப்பு வேறானாலும் நோம்பியும் நல்லது கெட்டதும் ஒன்றாகவே நடக்கும்.

தொழிலிலும் இதே ஏற்பாடுதான். உழவுக் குடும்பங்களிலிருந்து வந்த பனியன் தொழிலாளிகள் எப்படி முதலாளிகளானார்கள் என்று ஆராய்ந்து ஷரத் சாரி எழுதிய நூல் 2004-இல் வெளிவந்தது. உறவுக்காரர்கள் பங்கு சேர்ந்து கம்பெனி தொடங்கி வளர்ந்த விதம் அதில் விரிவாக வருகிறது. அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் பகலெல்லாம் ஒரே கணக்கு நோட்டில் இருப்பார்கள். ராத்திரி அவரவர் வீடு, அவரவர் சோறு.

பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனியே வாழும் இதே இடத்துக்கு ஜப்பான் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 65 வயதைக் கடந்தவர்கள் இருக்கும் வீடுகளில் பாதி, 1980-இல் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்தவை. இன்று பத்தில் ஒன்றுகூட அப்படி இல்லை. 2020 கணக்கெடுப்பில் மொத்தக் குடும்பங்களில் 38 சதவீதம் ஒற்றை ஆள் வசிக்கும் வீடுகள். ஆனால் பிரிந்தது பிரிந்ததாகவே இருக்கட்டும் என்று அங்கே விட்டுவிடவில்லை. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரே கட்டடத்தில் இரண்டு குடித்தனம் அமைக்கும் வீடுகளை அசாஹி கசெய் நிறுவனம் 1975-இல் விற்கத் தொடங்கியது. 2001-இல் ஸோஜிருஷி நிறுவனம் ஒரு மின்சார வெந்நீர்ப் பானையோடு புதுச் சேவையைக் கொண்டுவந்தது. தனியே இருக்கும் அம்மா டீக்கு வெந்நீர் பிடித்தால், தொலைவிலிருக்கும் மகனுக்குத் தகவல் போகும். அறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை; அவர் எழுந்து நடமாடுகிறார் என்பது மட்டும் தெரிந்துவிடும்.

திருப்பூர்ப் பக்கத்தில் அந்த வேலையைப் பால் சொசைட்டி செய்கிறது. காலையில் ஒரு தோட்டத்துப் பால் வரவில்லையென்றால், என்ன ஏது என்று யாராவது விசாரிப்பார்கள். மகனிடமிருந்து ஒரு போன் வரும்: "மாத்திரை போட்டுட்டீங்ளாம்மா?" ஆனால் அதுமட்டும் போதாது என்பதை 2024 நவம்பர் காட்டிவிட்டது. பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டிலிருந்த முதிய தம்பதியும், அவர்களிடம் வந்திருந்த மகனும் கொல்லப்பட்டார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு முதிய தம்பதி. தனியாக இருக்க விரும்பும் பெற்றோரின் உரிமை பெரியது. அந்த உரிமைக்குக் காவல் நிற்பது பிள்ளைகளின் கடமை மட்டுமல்ல, ஊரின் கடமையும்கூட.

டவுனுக்குள் இதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் தம்பதியில், கணவர் ஓவர்லாக் டெய்லர், மனைவி செக்கிங். சனிக்கிழமை இருவர் கையிலும் தனித்தனியாகச் சம்பளம். எதைச் செலவழிப்பது, எதைச் சீட்டுக்குக் கட்டுவது என்பதில் அந்தப் பெண்ணின் பேச்சுக்கு இப்போது எடை உண்டு. இது பெரிய மாற்றம். ஆனால் காலை எட்டரைக்குப் போனவர்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது இரவு எட்டரை தாண்டிவிடுகிறது. குழந்தை ஊரில் அம்மாச்சியிடம் வளர்கிறது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால்தான் முகம் பார்க்க முடியும். ஷிப்மென்ட் நெருங்கினால் முதலாளிக்கும் ஞாயிற்றுக்கிழமை இல்லை, தோட்டத்துக்குப் போக நேரமில்லை.

குடும்பத்தைக் கலைப்பது தனி அடுப்பல்ல, நேரமின்மைதான். ஜப்பான் இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டு, 2018-இல் ஓவர்டைமுக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் செய்தது. நம் நாட்டின் தொழிற்சாலைச் சட்டமோ 1948-லேயே வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்து, அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டைக் கூலி என்றது. பனியன் தொழிலில் சங்கங்களும் முதலாளிகளும் கூலி ஒப்பந்தம் பேச உட்காரும்போது, எத்தனை சதவீத உயர்வு என்பதே முதல் கேள்வி. மாலை ஐந்தரைக்கு வேலையை முடிப்பதும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனிக்குள் ஓர் அறை ஒதுக்குவதும் அதே மேஜையில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும்.