தேய்ந்த சிலிப்பரில் ஒரு தவளை

வாசகர்களே, வார் அறுந்த ஜப்பான் சிலிப்பர் உங்கள் வீட்டுப் பின்புறம் கிடக்கிறதா? குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு ஜோடியில் பத்துத் தவளைகளாவது செய்யலாம். அல்லூரில் கிடக்கும் விராலுக்கு அதைவிட நல்ல இரை இல்லை என்பேன்.

மண்புழுவும் கோழிக்குடலும் கெளுத்திக்குச் சரி. விராலும் புழுவைத் தின்னும்தான். ஆனால் தண்ணீர்மேல் துள்ளி ஓடுவதைக் கண்டால் அதற்குப் பொறுக்காது, விரட்டி வந்து கவ்வும். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பது இதைத்தான்.

சிலிப்பரின் அடியிலிருந்து கட்டைவிரல் அளவு துண்டு அறுத்து, பிளேடால் முன்பக்கம் கூராகச் சீவுங்கள். பெரிய தூண்டில் முள்ளை மூக்கு வழியாக நுழைத்து, முனை முதுகில் படுத்திருக்கும்படி வெளியே எடுங்கள். இதுதான் முக்கியம். முனை முதுகோடு ஒட்டியிருந்தால் புல்லில் மாட்டாது. மீன் கடித்தால் ரப்பர் அமுங்கி முள் ஏறும். பின்பக்கம் சிறிது ஈயக்கம்பி சுற்றினால் தூரமாக வீசலாம். கால்களுக்கு ராஃபியா கயிற்றை நார்நாராகக் கிழித்துக் கட்டுங்கள். நிறம் எதுவானாலும் பாதகமில்லை. கீழேயிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது கரிய உருவம் மட்டுமே.

வீசியபின் விட்டு விட்டு இழுங்கள். தண்ணீர் சிதறியவுடனே தங்கூசியை வெட்டி இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுங்கள்.

ஓடும் ஆற்றில் செபாராவுக்குத் தவளை உதவாது. அதற்குப் பழைய தேக்கரண்டி. காம்பை அறுத்து, இரு முனையிலும் துளையிட்டு, சாவி வளையத்தில் முள்ளை மாட்டினால் போதும். வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டு எடுங்கள்!

இதையெல்லாம் யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். பின்லாந்து மீனவர் லவ்ரி ரப்பாலா 1936இல் தக்கையைச் சீவி, சாக்லேட் சுற்றிய மினுக்குத்தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளைப் பூசித்தான் தமது பொய்மீனைச் செய்தார். கடைகளில் அவர் பெயரில் விற்பவை அதன் வழி வந்தவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில நாள் தண்ணீர்மேல் செந்நிறமாக ஒரு கூட்டம் கொதிப்பதுபோல் தெரியும். அவை விரால் குஞ்சுகள். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே தவளையை வீசினால் பெரும்பாலும் கடித்துவிடும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கும் விரால் சூப் கொடுப்பது நம் வழக்கம். அந்தத் தேவை வரும்போது அல்லூரில் மீன் இருக்க வேண்டாமா? "நீ விட்டால் இன்னொருவன் பிடிப்பான்" என்கிறார் என் பக்கத்து வீட்டுக்காரர். பிடிக்கட்டும். நான் தங்கூசியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அல்லூருக்குப் போய்விடுவேன்.

வீடு திரும்புமுன் முள்முனையை ஒரு தக்கையில் குத்திவையுங்கள். தவளையைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் பொம்மையென்று எடுத்துவிடுவார்கள்.