காப்பைக் கழற்றும் முன் செசியைப் பாருங்கள்



நமது வீடுகளில் ஒரு வாகனம் வாங்குவதென்றால் அது ஆண்களின் காரியம் என்றே வைத்திருக்கிறோம். அவர்கள் நாலு பேராகப் போவார்கள். பொனட்டைத் திறப்பார்கள். டயரைக் காலால் ஓர் உதை உதைப்பார்கள். திரும்பி வந்து "நல்ல வண்டி" என்பார்கள். பணம் போதவில்லை என்று வரும்போது மட்டும் அலமாரிச் சாவியைத் தேடி நம்மிடம் வருவார்கள். வண்டியைக் கண்ணாலும் காணாதவளின் காப்பும் சங்கிலியும் அந்த வண்டிக்குள் போய்விடும். ஆகவே இம்மாதம் அடுப்படிப் பேச்சைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஒரு பழைய இராணுவ ஜீப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைப் பற்றி உங்களோடு கதைக்கப் போகிறேன்.

"இராணுவ ஜீப் நமக்கெதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். என் கணவரின் தம்பி கட்டாரில் ஏழு வருடம் உழைத்துவிட்டு வந்தவர். மலைநாட்டுக்கு வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லவும், கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கவும் ஒரு போர்க்கால ஜீப் இருந்தால் நல்ல வருமானம் என்று யாரோ அவருடைய காதில் போட்டுவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் ஓடாத வண்டிக்கும் கூட விலை ஏறிப்போனது. தம்பியின் சேமிப்பு போதவில்லை. மாமி ஒன்றும் பேசாமல் தன் இரண்டு காப்பையும் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தக் காப்பு மாமிக்கு அவருடைய உம்மா போட்டது.

என் வாப்பா கம்பளையில் கராஜ் வைத்திருந்தவர். பாடசாலை விட்டு வந்தால் நான் அவருக்குச் சாவி எடுத்துக் கொடுப்பேன். "மதினி, நீங்களும் வாங்களேன்" என்று தம்பியே கூப்பிட்டார். போனேன்.

முதலில் இந்த வண்டி என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஜீப் என்று சொல்வதை அமெரிக்க இராணுவம் தன் காகிதங்களில் "கால் தொன் டிரக்" என்றே எழுதியது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பனியும் ஃபோர்ட் கம்பனியும் ஒரே வரைபடத்தின்படி 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. நான்கு சிலிண்டர், 2.2 லீற்றர் பெற்றோல் என்ஜின், 60 குதிரை வலு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார் அல்லவா, அந்தக் காலத்து வண்டி இது.

இங்கேதான் முதல் கவனம் வேண்டும். ஜீப் போல இருப்பதெல்லாம் போர்க்கால ஜீப் அல்ல. போர் முடிந்த பின் வில்லிஸ் கம்பனியே பொதுமக்களுக்கென்று ஜீப் செய்தது. பிறகு உரிமம் பெற்று இந்தியாவில் மஹிந்திராவும் ஜப்பானில் மிட்சுபிஷியும் செய்தன. அவை கெட்ட வண்டிகள் என்று நான் சொல்லவில்லை. மலைப்பாதையில் ஓட்டுவதற்கு என்னைக் கேட்டால் மிட்சுபிஷியே மேல் என்பேன். ஆனால் அதற்குப் பச்சை நிறமும் வெள்ளை நட்சத்திரமும் பூசி, போர்க்கால விலைக்கு விற்றால் வாங்குபவருக்கு நட்டம்.

அடையாளம் பார்ப்பது பெரிய வித்தையல்ல. வண்டியின் முன்னால் நின்று கிறிலில் உள்ள நெடுக்கு இடைவெளிகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது. பொதுமக்களுக்கென்று 1945க்குப் பின் செய்த வில்லிஸுக்கு ஏழு. (மிக ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு இரும்புப் பட்டைகளை ஒட்டிய கிறில். அது கிடைப்பதே அரிது.) பின்பக்கம் போய்ப் பாருங்கள். திறந்து மூடும் கதவு இருந்தால் அது போர்க்கால உடல் அல்ல. சாரதி ஆசனத்தின் மெத்தையைத் தூக்குங்கள். பெற்றோல் ஊற்றும் வாய் அதன் கீழ்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, போர்க்கால ஜீப்புகள் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்குடனேயே தொழிற்சாலையை விட்டு வந்தன. வலப்பக்கம் இருந்தால் பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார். அதை மாற்றிய ஒட்டு வேலையில்தான் உங்கள் பிள்ளைகளின் உயிர் தொங்குகிறது. அதை ஒரு நல்ல பாஸிடம் காட்டாமல் ஓட்டவே வேண்டாம்.

வில்லிஸா ஃபோர்டா என்பதும் தெரியவேண்டும். ரேடியேட்டருக்கு முன்னே, கீழே குனிந்து பார்த்தால் செசியின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்கு இரும்பு தெரியும். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பீலி போல இருந்தால் ஃபோர்ட். ஃபோர்ட் கம்பனி தன் போல்ட்டின் தலையில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்தைப் பொறித்திருந்தது. இரண்டும் ஒரே தரம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் செசி இலக்கம் இருக்கும் இடம் வேறு. வில்லிஸுக்கு அது முன் பம்பருக்குப் பின்னே, இடப்பக்கச் செசியின் உட்புறத்தில் ஒரு சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டுக்கு இடப்பக்கச் செசியின் மேற்புறத்தில், என்ஜின் அருகே, இரும்பிலேயே அடித்திருக்கும்.

நாங்கள் பார்த்த வண்டியின் புத்தகத்தில் 'வில்லிஸ், 1944' என்றிருந்தது. புதுத் தகடு ஒன்றும் அழகாக அடித்திருந்தது, இலக்கமும் புத்தகத்தோடு பொருந்தியது. தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். குறுக்கு இரும்பு கவிழ்த்த பீலி. உரிமையாளரிடம் கேட்டு, தின்னரில் நனைத்த துணியால் செசியின் மேற்புறத்தைத் துடைத்தோம். பெயின்ட் கரையக் கரைய வேறொரு இலக்கம் மேலே வந்தது. உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "பழைய வண்டிக்கெல்லாம் இலக்கம் யார் தங்கச்சி பார்க்கிறாங்க?" என்றார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பார்க்கும். விபத்து நடந்தால் பொலிஸ் பார்க்கும், காப்புறுதிக் கம்பனி பார்க்கும். அப்போது புத்தகம் ஒரு வண்டிக்கும் இரும்பு இன்னொரு வண்டிக்கும் சொந்தம் என்றால், கையில் சாவி இருந்தும் வண்டி நம்முடையதல்ல. அன்றே முற்பணம் ஒரு இலட்சம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழும்பி வந்தோம். பஸ்ஸில் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஆகவே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியைப் பாருங்கள். செசி இலக்கம், என்ஜின் இலக்கம், எரிபொருள் வகை மூன்றும் ஒத்துவர வேண்டும். பழைய ஜீப்புகளில் பெற்றோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் வைப்பது நம் நாட்டில் சர்வசாதாரணம். வைத்தது குற்றமில்லை, புத்தகத்தில் பதியாமல் வைத்ததுதான் பிரச்சினை. முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஓபன் பேப்பர்' என்று ஒன்று சொல்வார்கள். யாரோ எப்போதோ கையெழுத்திட்டு வைத்த மாற்றப் படிவம், அது கைக்குக் கை மாறி வரும். எழுபது, எண்பது வருட வண்டியில் பதிவிலுள்ள உரிமையாளர் மௌத்தாகியே பல காலம் இருக்கும். அவருடைய வாரிசுகள் கையெழுத்திடாமல் அந்த வண்டி உங்கள் பெயருக்கு வராது. திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு விபரத்தை எடுத்துப் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்தது இரும்பு. மஃரிபுக்குப் பிறகு வண்டி பார்க்கப் போகாதீர்கள். மின்விளக்கு வெளிச்சம் புட்டியை மறைத்துவிடும். காலையில் போங்கள். போகும்போது குளிரூட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். உடல் முழுவதும் அதை நகர்த்துங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே தகட்டுக்குப் பதில் புட்டி இருக்கிறது. மண்சட்டி வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அதே காதுதான் இதற்கும். நல்ல தகடு கணீரென்னும், புட்டி பூசிய இடம் மந்தமாகச் சத்தமிடும். தரையின் கீழே தொப்பி வடிவில் மடித்த இரும்புத் தாங்கிகள் இருக்கும். தொழிற்சாலையிலேயே அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அந்த மரம் ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். மேலே பளபளக்கும் தரை, கீழே விரல் விட்டால் உதிரும்.

இருந்தாலும் உடல் துருப்பிடித்ததற்காக மட்டும் வண்டியை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். இந்த ஜீப்புக்குப் புத்தம்புது உடலைப் பிலிப்பைன்ஸில் இன்றும் செய்கிறார்கள், டிங்கரிங் பாஸுக்கும் வேலை தெரியும். செசி வெடித்திருந்தால் அது வேறு கதை. முன் பம்பருக்குப் பின்னால் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும், பின்னால் இழுவைக் கொக்கி உள்ள குறுக்கு இரும்பையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கோடு வெடிப்பாக இருக்கலாம். சாரியில் ஒட்டுப் போட்டது போல தகடு வைத்து ஒட்டியிருந்தால், ஏன் ஒட்டினீர்கள் என்று கேளுங்கள். செசி முறுகியிருந்தால் சில்லு நேராக ஓடாது, டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

என்ஜினைப் பற்றி ஆண்களே நிறையச் சொல்வார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். போனவுடன் பொனட்டைத் திறந்து கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்னே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆற விட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஒயில் குச்சியை இழுத்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வரக்கூடாது, வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீலப் புகை ஒயில் எரிவது. நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் பாஸை அளக்கச் சொல்லுங்கள். நாலும் அண்ணளவாக ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் விழுந்திருந்தால் செலவு காத்திருக்கிறது.

கியர்பொக்ஸ்தான் இந்த வண்டியின் பலவீனம். இரண்டாம் கியரில் இறக்கத்தில் விட்டு, அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் உள்ளே பல்லும் பெயாரிங்கும் தேய்ந்துவிட்டன. கடுகண்ணாவை வளைவில் அப்படித் துள்ளினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முன்சில்லை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பிரேக்குக்கு ஒரே ஒரு ஒயில் வழிதான். ஓர் இடத்தில் குழாய் கசிந்தால் நாலு சில்லுக்கும் பிரேக் போகும். மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் கசிவு உண்டு.

சில்லைக் கழற்றிப் பார்க்க விரும்பினால் இரண்டு விடயம். இடப்பக்கச் சில்லுகளின் நட்டு எதிர்த்திசையில் கழலும். தெரியாதவர் பலமாகத் திருகி ஆணியையே முறித்துவிடுவார். அடுத்தது, போர்க்கால றிம் பலவற்றில் இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டு முடுக்கியிருப்பார்கள். சில்லை அச்சோடு பிடிக்கும் நட்டுகள் நடுவில் ஐந்து, றிம்மின் இரண்டு பாதியைப் பிடிப்பவை அவற்றைச் சுற்றி வெளியே. டயரில் காற்றிருக்கும்போது வெளிவட்ட நட்டுகளில் கை வைத்தால் றிம் வெடித்துப் பறக்கும், ஆளைக் கொன்றுவிடும். வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கிய பிறகுதான் அவற்றைத் தொட வேண்டும். வாப்பாவின் கராஜில் அந்த வேலை நடக்கும்போது பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்குள் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.