மணியோட நாலாவது கால்

பொட்டி தட்டுறவன் எலும்பு வைத்தியம் பேசறானேன்னு ஓடிடாதீங்க மக்களே. இது நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தின பதிவு. வீட்ல நாய்க்குட்டி வளர்க்கறவங்களாவது கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

எங்க ஊரு தர்மபுரி மாவட்டத்துல பாலக்கோடு பக்கம். தக்காளித் தோட்டம், நாலு மாமரம், ரெண்டு மாடு, அப்புறம் மணி. சாதாரண நாட்டு நாய்க்குட்டிதான். அஞ்சு மாசம் இருக்கும்போது ஒரு டிவிஎஸ் எக்ஸெல் அவன் பின்னங்கால்ல ஏறிடுச்சு. போன் வந்ததும் பெங்களூர்லேர்ந்து ராத்திரியே பஸ் புடிச்சேன்.

தொடை எலும்பு, முழங்காலுக்குக் கொஞ்சம் மேல உடைஞ்சிருந்தது. குட்டிகளுக்கு அடிக்கடி உடையற இடம் அது. எலும்பு நீளமா வளர்றதுக்காக முனைகிட்ட குருத்தெலும்பால ஆன ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும். சுத்தி இருக்கற எலும்பை விட அது பலம் கம்மி, அதனால அடிபட்டா அங்கதான் விட்டுப்போகும். (1963ல சால்டர், ஹாரிஸ்னு ரெண்டு டாக்டர்கள் குழந்தைகளோட இந்த முறிவுகளை வகை பிரிச்சாங்க. நாய்க்குட்டிக்கும் இன்னிக்கு வரை அதே கணக்குதான்.)

ஆபரேஷன் பண்ணி ரெண்டு கம்பிய குறுக்கா வச்சாங்க. மரை இல்லாத வழவழப்பான கம்பி. மரை இருந்தா தட்டை இறுக்கிப் புடிச்சு வளரவிடாதாம். கால் குட்டையாயிடுமான்னு நான் கேட்டேன். "முன்னங்கால்ல ரெண்டு எலும்பு ஜோடியா இருக்கு, ஒண்ணு நின்னு இன்னொண்ணு வளர்ந்தா கால் வில்லு மாதிரி வளைஞ்சிடும். இது பின்னங்கால், கொஞ்சம் குட்டையானாலும் சமாளிச்சுக்கும். முழங்கால் விறைச்சுக்காம பாத்துக்கங்க. வலி மருந்து கொடுத்துட்டு தினமும் மெதுவா மடக்கி நீட்டணும்"னார்.

அம்மாவுக்கு செஞ்சு காட்டிட்டு நான் பெங்களூர் வந்துட்டேன். ரிலீஸ் நேரம்.

மூணாம் நாள் அம்மா போன். "மடக்கினா கத்தறான்டா. பாவமா இருக்கு." மீட்டிங் நடுவுல இருந்த நான் சொன்ன பதில்: "விடும்மா, எலும்பு சேரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அப்பா இன்னும் ஒரு படி மேல போய், ஆடக்கூடாதுன்னு ஒரு மூங்கில் பத்தையை வச்சு காலை நேரா கட்டிட்டார். எல்லாம் பாசத்துலதான்.

நாலு வாரம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தா எலும்பு அருமையா சேர்ந்திருக்கு. குட்டிங்களுக்கு சீக்கிரம் சேர்ந்துடும். ஆனா கால் கட்டை மாதிரி பின்னால நீட்டிக்கிட்டு நிக்குது, மடங்கவே இல்ல. சர்வர் ஓடுது, அப்ளிகேஷன் காலி.

தொடையோட முன்பக்கத் தசை சுருங்கி, புதுசா வளர்ந்த எலும்போடயே ஒட்டிக்கிச்சு. குவாட்ரிசெப்ஸ் கான்ட்ராக்சர்னு பேரு. வளர்ற நாய்ல தொடை எலும்பு உடைஞ்சு, காலை நீட்டின வாக்குல அசைக்காம வச்சா வர்றது. எலும்பு சேர்ற அதே வேகத்துல தசையும் ஒட்டிடுது. மனசு கேக்காம நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் தூக்கிட்டுப் போனோம். 1985லேர்ந்து இருக்கற காலேஜ், எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அதான் பெரியாஸ்பத்திரி. அங்கயும் அதேதான் சொன்னாங்க: வராம தடுக்கறது சுலபம், வந்தப்புறம் தசையைப் பிரிச்சு விட்டாலும் பெரும்பாலும் திரும்ப ஒட்டிக்கும்.

இழுத்து இழுத்து நடந்து பாதத்துல புண்ணு வந்தப்புறம், ரெண்டு மாசத்துல காலை எடுக்க வேண்டியதாயிடுச்சு. கம்பி வச்சவர் மேல ஒரு குறையும் இல்ல. அவர் சொன்னதை நாங்க செய்யல.

மணி இப்போ மூணு கால்ல தோட்டம் பூரா ஓடறான், குரங்கையே விரட்டறான். அம்மாதான் இன்னும், "அன்னிக்கு நான் கொஞ்சம் மனசைக் கல்லாக்கியிருக்கணும்டா"ங்கறாங்க. அவங்ககிட்ட 'விடும்மா'ன்னு சொன்னது நான்தான்.

அதனால மக்களே, உங்க குட்டிக்கு ஆபரேஷன் ஆனா, காலை எப்போலேர்ந்து, எவ்வளவு மடக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கங்க. கத்தினா நிறுத்தாதீங்க, அவருக்கு போன் பண்ணி வலி மருந்தைப் பத்திக் கேளுங்க. மீட்டிங்கை அப்புறம் பாத்துக்கலாம்.